கிருஷ்ணகிரியில் ஒரு கோடை இசை மாலை: திறந்தவெளியில், கட்டணமின்றி நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

கட்டணமில்லா இசை நிகழ்ச்சி என்னும்போது கட்டணம் இல்லாமல் போவது கேட்பவருக்கு மட்டும்தான். பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும், மைக் செட் வைப்பவருக்கும் பந்தல் போடுபவருக்கும் உரிய கூலி யாரோ ஒருவர் கையிலிருந்து போயாக வேண்டும். இதை முதல் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளாமல் தொடங்கிய நிகழ்ச்சிகள், கடைசியில் கலைஞரிடம் ‘சேவையாக நினைத்துச் செய்து கொடுங்கள்’ என்று கேட்பதில் முடிந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் ஒவ்வொரு ஏற்பாட்டையும், கேட்பவர் காசு கொடுக்காமல் வசதியாக உட்கார்ந்து கேட்க வேண்டும், கலைஞர் குறைவில்லாமல் பெற்றுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும் என்ற இரண்டு தேவைகளை வைத்தே தீர்மானித்திருக்கிறேன்.

கோடைக்காலத்தில் பூங்காவிலும் தெருவிலும் இசையை இலவசமாக வழங்கும் வழக்கம் உலகின் பல நகரங்களில் உண்டு. சிக்காகோவின் கிராண்ட் பார்க்கில் 1935-ஆம் ஆண்டு தொடங்கிய இலவச நிகழ்ச்சிகளுக்குப் பின்னால், பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்த வாத்தியக் கலைஞர்களுக்கு ஊதியம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற இசைக்கலைஞர் சங்கத்தின் முயற்சி இருந்தது. பிரான்சில் 1982-ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று தொடங்கிய இசைத் திருநாள், தொழில்முறைக் கலைஞரும் ஆர்வத்தால் வாசிப்பவரும் ஒரே தெருவில் நின்று வாசிக்கும் நாளாகப் பல நாடுகளுக்கும் பரவி, இன்று உலக இசை நாள் என்று அறியப்படுகிறது. மொராக்கோவின் எசவீரா துறைமுக நகரில் 1998 முதல் நடக்கும், க்னாவா என்னும் அந்நாட்டு மரபிசைக்கான விழாவின் பெரிய மேடைகள் மக்களுக்குத் திறந்தவை.

நமக்கு இந்த முறை புதிதன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரக் கிராமங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கும் பாரதக் கூத்துக்கும் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரி) போட்டுப் பணம் திரட்டுகிறார்கள். கூத்துக் குழுவுக்குப் பேசிய தொகை போகிறது, பார்ப்பவர் எவரும் சீட்டு வாங்குவதில்லை, பக்கத்து ஊரார் வந்து உட்கார்ந்தாலும் யாரும் கேட்பதில்லை. நகரத்தில் தலைக்கட்டுக் கணக்கு இல்லாததால் அந்த வேலையை வேறு வழியில் செய்ய வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 500 பேர், மூன்று மணி நேரம், மூன்று குழுக்கள் என்ற அளவில், வெவ்வேறு மரபுகளின் இசையை, அதாவது உலக இசையை, வழங்கும் ஒரு மாலையை நடத்துவதற்கான படிகளைக் கீழே வரிசையாகத் தருகிறேன். முதன்முறையாக நடத்துபவர்கள் இந்த அளவைத் தாண்ட வேண்டாம்.

1. நாளைக் குறித்தல்

மார்ச், ஏப்ரல் மாதங்கள் பொதுத்தேர்வுக் காலம் என்பதால் அவற்றை விட்டுவிட வேண்டும். அண்மைய ஆண்டுகளில் மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை நீட் தேர்வு நடந்துவருவதால் அந்த வார இறுதியும் உகந்ததன்று. மே இரண்டாம் வாரத்திலிருந்து பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் வரை கிடைக்கும் சனிக்கிழமைகளே நமக்கானவை. ஞாயிற்றுக்கிழமையைவிடச் சனிக்கிழமை நல்லது என்பதற்குக் காரணம், பெங்களூருவிலும் ஓசூரிலும் வேலை பார்ப்பவர்கள் ஞாயிறு மாலையே திரும்பப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

நாளைக் குறிக்கும் முன் மூன்று பேரைக் கேளுங்கள். கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரை முதலில் கேட்க வேண்டும், ஏனெனில் கூத்துக் கலைஞர்களுக்குக் கோடைதான் வேலை மாதம். பாரதக் கூத்து நடக்கும் ஊரில் பதினெட்டு நாள் வரை அவர்கள் கட்டுப்பட்டிருக்கக்கூடும். அடுத்து, நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள கோயில், மசூதி, தேவாலயம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களிடம் அன்றைக்கு அவர்களது விழா ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும். மூன்றாவதாக மாவட்ட நிர்வாகத்தின் நிகழ்ச்சிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிருஷ்ணகிரியின் மாங்கனிக் கண்காட்சி நாட்களில் மாலைதோறும் கலை நிகழ்ச்சிகள் நடப்பதால், அதே நாளில் போட்டியாக நடத்துவதில் பொருளில்லை.

முடிந்தால் வளர்பிறையின் பிற்பகுதியில் வரும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். மின்சாரம் நின்றாலும் கூட்டம் பதறாமல் நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும். நிகழ்ச்சி முடிந்து நடந்து போகிறவர்களுக்கும் அது துணை. தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும் காலமானால், அந்த ஆண்டு வேறு மாதத்துக்குத் தள்ளி வைப்பதே வழி.

2. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கிருஷ்ணகிரியைச் சுற்றி மொட்டைப் பாறைக் குன்றுகள் நிற்கின்றன. அவற்றின் அடிவாரத்தில் ஒலிபெருக்கி வைத்தவர்களுக்குத் தெரியும், பாறையில் பட்டுத் திரும்பும் ஒலி தாளத்தைக் குலைத்துவிடும். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் செல்கிறது. ஆகவே 170 மீட்டர் தொலைவில் பாறைச் சுவர் இருந்தால், பம்பையின் ஒவ்வொரு அடியும் ஒரு வினாடி கழித்துத் திரும்பி வந்து அடுத்த அடியின்மேல் விழும். மேடை அமைக்க நினைக்கும் இடத்தில் ஆளரவம் அடங்கிய மாலையில் நின்று, ஒரே ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை தெளிவாகத் திரும்பி வந்தால், குன்று மேடையின் முதுகுக்குப் பின்னால் வருமாறு திசையை மாற்றிவிட்டு, ஒலிபெருக்கிகள் திறந்த வெளியை நோக்கும்படி வைக்க வேண்டும்.

தரையில் உட்காரும் ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் என்று கணக்கிட்டால் 500 பேருக்கு 500 சதுர மீட்டர் வேண்டும். மேடை, நடைபாதை, தண்ணீர்ப் பந்தல், வண்டி நிறுத்தம் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு சாதாரணப் பள்ளி மைதானம் போதும். பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தொலைவு, ஆட்டோ உள்ளே வந்து திரும்பக்கூடிய வழி, எதிரெதிர்த் திசைகளில் குறைந்தது இரண்டு வாயில்கள் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் நடத்தலாமே என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது சொல்கிறார்கள். இடம் அழகானதுதான். ஆனால் இரவில் நீர்நிலையின் அருகே குழந்தைகளோடு கூட்டத்தைச் சேர்ப்பதும், ஒன்பதரை மணிக்கு மேல் அவர்களை நகருக்குத் திருப்பி அனுப்புவதும் அனுபவப்பட்ட குழுவுக்கே கடினமான வேலை. தருமபுரியிலும் இதே கணக்குதான்: ஊரின் நடுவில் கிடைக்கும் சிறிய இடம், ஊருக்கு வெளியே கிடைக்கும் பெரிய இடத்தைவிட மேலானது.

3. கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தலும் அழைத்தலும்

உலக இசை என்றதும் கடல் கடந்து வருபவரைத் தேடிப் புறப்பட வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழிகளாக உள்ளன. தருமபுரியிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள், அங்கே வெண்கலத் தாளத்தைச் சுழற்றியபடி பாடும் கம்சாளைக் கலைஞர்களைப் பார்த்திருப்பார்கள். சித்தேரி மலையில் மலையாளிப் பழங்குடியினரும், சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களும் வாழ்கிறார்கள். தர்காவில் கவாலி பாடுபவர், தெலுங்கில் பஜனை பாடும் குழு, பம்பைக்காரர்கள், தெருக்கூத்துக் குழு என்று ஒரு பேருந்துப் பயணத் தொலைவுக்குள் நான்கைந்து இசை மரபுகள் நமக்குக் கிடைக்கின்றன. பாணரையும் விறலியரையும் வரவேற்றுப் பரிசில் தந்த அதியமானின் தகடூர் இந்த மண்தான் என்பதை அழைப்பிதழில் பெருமையாக எழுதுகிறோம். அழைக்கப்படும் கலைஞருக்கு அந்தப் பெருமை தொகையாகவும் தெரிய வேண்டும்.

என் பரிந்துரை இது: வட்டாரக் குழுக்கள் இரண்டு, வெளியிலிருந்து ஒன்று. வெளிக் குழுவுக்குப் பெங்களூரு நமக்கு வாய்த்த வசதி. தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர் வந்தால் கிருஷ்ணகிரி. அந்நகரில் வாழும் ஆப்பிரிக்க, ஐரோப்பிய, வடஇந்திய இசைக்கலைஞர்களை ஒருநாள் பயணமாக அழைக்க முடியும். வெளிநாட்டவராயின் சுற்றுலா விசாவில் வந்திருப்பவரை ஊதியத்துக்கு மேடையேற்றக் கூடாது. அவர்களைத் தங்க வைக்கும் விடுதியோ வீடோ, வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் விவரத்தை அதற்குரிய படிவத்தில் இணையவழியில் பதிய வேண்டும்.

நாட்டுப்புறக் கலைஞர்களைக் கண்டறியச் சேலத்தில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தை அணுகலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கும் அதுவே பொறுப்பு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்த கலைஞர்கள் அடையாள அட்டை வைத்திருப்பார்கள். எனினும் நேரில் போய் ஓர் இரவு அவர்களது நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து பேசுவதற்கு ஈடாக எதுவும் இல்லை. கைபேசியில் பேசி முன்பணம் அனுப்பிவிட்டு, வரும் குழு எது, அதில் எத்தனை பேர் என்று தெரியாமல் நிகழ்ச்சி நாளில் திகைத்தவர்களை அறிவேன்.

தெருக்கூத்தை அழைக்கும்போது ஒரு சிக்கல் எழும். கூத்து இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும் வரை ஆடப்படுவது. நமக்குக் கிடைப்பதோ ஒன்றேகால் மணி நேரம். இந்தக் கதையில் இதை வெட்டுங்கள், அதைச் சுருக்குங்கள் என்று நாம் சொல்லக் கூடாது. நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு, அதற்குள் முழுமையாக நிற்கக்கூடிய கட்டத்தை வாத்தியாரே தேர்ந்தெடுக்கும்படி விட்டுவிட வேண்டும். வேஷம் கட்டி அரிதாரம் பூச மூன்று மணி நேரமாவது ஆகும் என்பதால், எட்டு மணிக்கு மேடையேறும் குழுவுக்கு நான்கரை மணிக்கே கண்ணாடியும் மின்விளக்கும் மின்விசிறியும் உள்ள அறை திறந்திருக்க வேண்டும். பெண் கலைஞர்களுக்கு உள்தாழ்ப்பாள் உள்ள தனியறை கட்டாயம்.

தோல் கருவிகளுக்குத் தீ வேண்டும். தப்பு அடிப்பவர் மேடையேறுவதற்குக் கால்மணி நேரம் முன்பு, வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, கருவியைத் தீயின்மேல் வட்டமாகத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். அவ்வப்போது விரலால் சுண்டிப் பார்ப்பார். மந்தமாக விழுந்துகொண்டிருந்த ஓசை மெல்ல மெல்ல இறுகி, ஒரு கட்டத்தில் கணீரென்று எழும்பும். அப்போதுதான் அவர் முகம் தெளியும். இதைத் தெரியாமல் பந்தலுக்கு அருகே தீ மூட்டக் கூடாது என்று காவலாளி தடுத்துவிட்டால் அன்றைய வாசிப்பே போய்விடும். மேடைக்குப் பின்னால் பந்தல் துணியிலிருந்தும் டீசலிலிருந்தும் பத்து மீட்டர் தள்ளி, மண் தரையில் ஓர் இடத்தை ஒதுக்கி, இரண்டு வாளி மணலும் தண்ணீரும் வைத்துவிடுங்கள்.

வட்டாரக் குழுவும் வெளிக் குழுவும் சேர்ந்து ஒரு பகுதியை வாசிக்க வேண்டும் என்று விரும்பினால், எசவீரா விழாவின் நடைமுறை நமக்கு உதவும். மூன்று தந்திகள் கொண்ட கெம்ப்ரியை வாசிக்கும் க்னாவா ஆசான்களும் வெளிநாட்டு ஜாஸ் கலைஞர்களும் அங்கே முன்கூட்டியே கூடி ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் சேர்ந்து மேடையேறுகிறார்கள். மேடையில் திடீரென்று ‘நீங்களும் சேர்ந்து வாசியுங்கள்’ என்று சொல்வது கைதட்டல் வாங்கித் தரலாம். ஆனால் அதில் பெரும்பாலும் ஒலிபெருக்கியில் இணைந்திருப்பவரின் வாசிப்பு மட்டும் கேட்கும், நம்மூர்ப் பம்பைக்காரர் ஓரமாக நிற்பார். முந்தைய நாள் மாலை முழுவதையும் ஒத்திகைக்கு ஒதுக்கி, தாளத்தை வட்டாரக் குழு பிடிக்க விருந்தினர் அதைப் பின்தொடர்வது என்று பேசி வையுங்கள். ஒத்திகை நாளுக்கும் தனிக் கூலி உண்டு.

4. பணம்

மொத்தத் தொகையில் பாதிக்குக் குறையாமல் கலைஞர்களுக்கு என்று முதலில் எழுதிவிட்டு, எஞ்சியதில் மற்றவற்றைச் செய்ய வேண்டும். பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. மேடை அலங்காரம், ஃபிளக்ஸ், பொன்னாடை, நினைவுப் பரிசு ஆகியவற்றுக்குப் போனது போக மிச்சம் இருப்பதே கலைஞருக்குப் போகிறது. பொன்னாடைகளை முற்றிலும் விட்டுவிடலாம்.

பணம் கைக்கு வராமல் செலவை ஒப்புக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தின் ஷெப்டன் மாலட்டில் 1982-ஆம் ஆண்டு நடந்த முதல் வோமேட் உலக இசை விழா பெருங்கடனில் முடிந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாடகர் பீட்டர் கேப்ரியல், தாம் முன்பே விலகியிருந்த ஜெனிசிஸ் என்னும் ராக் இசைக்குழுவோடு ஒருமுறை மீண்டும் மேடையேறித்தான் அந்தக் கடனைத் தீர்க்க முடிந்தது. நமக்கு அப்படி ஒரு குழு இல்லை. ஆகவே வணிகர் சங்கம், மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகள், மண்டி உரிமையாளர்கள், முன்னாள் மாணவர்கள் என்று பலரிடம் சிறுசிறு தொகைகளாகத் திரட்டி, நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பு கையில் இருக்கும் தொகைக்கு ஏற்பக் குழுக்களின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். மூன்று குழுக்களுக்குப் போதாவிட்டால் இரண்டு குழுக்களை அழைத்து இரண்டுக்கும் முழுத்தொகை கொடுப்பதே முறை.

ஒவ்வொரு குழுவோடும் ஒரு பக்கத்தில் எழுத்து உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். தொகை, முன்பணம், எத்தனை பேர், வண்டி யார் பொறுப்பு, சாப்பாடு, எத்தனை மணிக்கு மேடை, மழையால் நின்றுபோனால் எவ்வளவு என்பவை அதில் இருக்க வேண்டும். மழையில் நின்றாலும் வந்துசேர்ந்த கலைஞருக்கு முழுத்தொகை என்பதே நியாயமானது. அன்றைக்கு அவர் வேறு ஊருக்குப் போகாமல் நம்மை நம்பி வந்திருக்கிறார்.

5. அனுமதிகள்

நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். இடத்துக்குப் பொறுப்பானவரின் எழுத்து ஒப்புதலே முதல் தாள். அது இல்லாமல் மற்ற அலுவலகங்களில் மனுவை வாங்க மாட்டார்கள். பள்ளி மைதானமாயின் தலைமையாசிரியர் வழியாகக் கல்வித்துறைக்கும், நகராட்சி இடமாயின் ஆணையருக்கும் விண்ணப்பிக்க வேண்டும். பின்னர் அந்தத் தாளை இணைத்துக் காவல் நிலையம் வழியாகத் துணைக் காவல் கண்காணிப்பாளருக்கும், தீயணைப்பு நிலையத்துக்கும், தற்காலிக இணைப்புக்காக மின்வாரிய அலுவலகத்துக்கும் மனுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மனுவின் நகலிலும் பெறப்பட்ட தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உணவுக் கடைகள் வருமானால் அவற்றுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டு வந்தவை. அவற்றின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி தேவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் பயன்படுத்தக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான பகுதி அமைதி மண்டலமாகக் கருதப்படக்கூடியது என்பதால், பள்ளி மைதானத்தைக் கேட்கும்போதே அதைக் காவல்துறையிடம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கூம்பு ஒலிபெருக்கிகளைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

திரைப்பாடல்களைத் தொழில்முறைக் குழு பாடுமானால் பதிப்புரிமை உரிமம் பெற வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால் மட்டும் அந்தக் கடமை நீங்கிவிடாது. மரபான நாட்டுப்புறப் பாடல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

6. ஒலி

திறந்தவெளி நிகழ்ச்சிகளை நாசமாக்குவதில் முதலிடம் அளவுக்கு மீறிய ஒலிக்குத்தான். முன்வரிசையில் காதைப் பொத்திக்கொள்கிறார்கள், பின்வரிசையில் சொல் புரிவதில்லை, தெருமுனை வீட்டில் நோயாளி தூங்க முடிவதில்லை. இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றே: மேடையின் இருபுறமும் இரண்டு பெரிய பெட்டி அடுக்குகளை வைத்து, கடைசி ஆள் வரைக்கும் அங்கிருந்தே தள்ளப் பார்ப்பது.

திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலியளவு ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது. பெட்டியிலிருந்து 5 மீட்டரில் 95 டெசிபல் இருந்தால், 10 மீட்டரில் 89, 20 மீட்டரில் 83, 40 மீட்டரில் 77 என்று இறங்கி, 160 மீட்டரில்தான் 65-க்கு வரும். குடியிருப்புப் பகுதியின் பகல் நேர வரம்பு 55 டெசிபல். ஒலிபெருக்கி வைத்திருக்கும் இடத்தின் எல்லையில், அந்த வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதாவது குடியிருப்புப் பகுதியில் மைதானத்தின் எல்லையில் 65 டெசிபல். கிருஷ்ணகிரி நகருக்குள் 160 மீட்டர் தள்ளி எல்லை உள்ள மைதானம் யாருக்கும் கிடைக்காது. ஆனால் 5 மீட்டரில் 85 டெசிபல் என்று தொடங்கினால் 50 மீட்டரிலேயே 65-க்கு வந்துவிடும்.

ஆகவே மைக் செட்காரரிடம் பெரிய பெட்டிகள் இரண்டுக்குப் பதிலாகச் சிறிய பெட்டிகள் ஆறு கேளுங்கள். முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்வரிசைக்கு முன் இரண்டு என்று, ஒவ்வொன்றும் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் பார்க்குமாறு வைக்க வேண்டும். பின்னால் இருக்கும் பெட்டிகளின் ஒலியை மிக்ஸரில் தாமதப்படுத்தாவிட்டால் ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். மேடையிலிருந்து 35 மீட்டர் தள்ளி வைத்த பெட்டிக்குச் சுமார் 100 மில்லி வினாடி தாமதம் தேவை. இதைச் செய்யும் வசதி இன்றைய டிஜிட்டல் மிக்ஸர்களில் இருக்கிறது. வரும் மிக்ஸர் எது என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பம்பைக்கும் தப்புக்கும் மைக் ஏறக்குறையத் தேவையே இல்லை. அவை 500 பேர் கூட்டத்தைத் தாமாகவே எட்டும். மைக் வேண்டியது குரலுக்கும், முகவீணை என்னும் சிறிய ஊதுகருவிக்கும், ஆர்மோனியத்துக்கும்தான். பலர் இதை மறந்து பம்பையின் வாயருகே மைக்கை நிறுத்திவிடுகிறார்கள். பின்பாட்டுக்காரரின் குரல் அதில் மூழ்கிப்போகிறது. கூத்தில் வேஷக்காரர் சுழன்று ஆடுவதால் நின்ற இடத்து மைக் பயன்படாது. மேடைக்கு மேலே தொங்கவிடும் மைக் இரண்டோ, சட்டையில் பொருத்தும் மைக்கோ வேண்டும்.

இருட்டிய பின் தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். ஆறு மணிக்குச் சோதித்துப் பார்த்துச் சரி என்று விட்ட அளவு, ஒன்பது மணிக்கு அரை மைல் தள்ளி உள்ள தெருவில் தெளிவாகக் கேட்பது இதனால்தான். எட்டரை மணிக்கு ஒருவர் மைதானத்தின் எல்லையைச் சுற்றி நடந்து, கைபேசிச் செயலியில் அளவைப் பார்த்து மிக்ஸர்காரருக்குச் சொல்ல வேண்டும். அந்தச் செயலி துல்லியமானதாக இல்லாவிட்டாலும் ஏற்ற இறக்கம் தெரியும்.

7. மின்சாரமும் மேடையும்

ஒலிக்கும் எல்.இ.டி. விளக்குகளுக்கும் சேர்த்து 15 முதல் 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதும். அதை எங்கே நிறுத்துவது என்பதில் நான் ஒருமுறை தவறு செய்தேன். காவேரிப்பட்டினத்துக்கு அருகே ஓர் ஊரில், கம்பி நீளம் போதவில்லை என்று ஜெனரேட்டர் வண்டியை மேடைக்குப் பின்னாலேயே நிறுத்தச் சம்மதித்துவிட்டேன். முகவீணைக்காரர் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டு ஊதத் தொடங்கியபோது, அந்த இழையோடும் ஓசையின் அடியில் டீசல் எஞ்சினின் உறுமல் விடாமல் ஓடியது. அவர் இரண்டு முறை நிறுத்திப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அந்த இரவுக்குப் பிறகு, ஜெனரேட்டர் மேடையிலிருந்து குறைந்தது 40 மீட்டர் தள்ளி, அதன் ஓசையையும் புகையையும் காற்று மேடைப்பக்கம் கொண்டுவராத திசையில் நிற்க வேண்டும் என்பதை உடன்பாட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

மேடைக்குச் செல்லும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) பொருத்தி, எர்த் கம்பியை உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். ஆட்கள் நடக்கும் வழியில் கம்பி குறுக்கிட்டால் பள்ளம் தோண்டிப் புதைக்கவோ ரப்பர் மேடு போட்டு மூடவோ வேண்டும். மேடை இரண்டரை அடி உயரத்துக்கு மேல் வேண்டாம்; தரையில் உட்கார்ந்திருப்பவர் கழுத்து வலிக்காமல் பார்க்க அந்த உயரமே ஏற்றது. கூத்துக்கு அகலம் 24 அடியாவது வேண்டும். பலகைகளின் இணைப்பில் ஆணி தலைநீட்டக் கூடாது, ஏனெனில் வெறுங்காலோடு அடவு பிடிக்கிறார்கள்.

8. வருபவர்களுக்கானவை

முன்பகுதியில் தார்ப்பாயின்மேல் ஜமக்காளமும் பின்பகுதியில் நாற்காலிகளும் போடுங்கள். முதல் வரிசையில் விருந்தினர் சோபாக்களைப் போடும் வழக்கத்தை இந்த ஒரு மாலைக்காவது விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்வரிசையில் குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் வாசிப்பவருக்கு எதிர்முகம் கிடைக்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பக்கவாட்டில் சமதளப் பாதையும் இடமும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

மே மாத மாலையில் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்றால், 500 பேருக்கு மூன்று மணி நேரத்தில் 750 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 38. நீர்மோரும் கேழ்வரகுக் கூழும் மண்பானையில் வைத்தால் மக்கள் விரும்பிக் குடிக்கிறார்கள். பெண்களுக்கான கழிப்பறை ஆண்களுக்கானதைவிட இரு மடங்கு இருக்க வேண்டும். அதற்குப் போகும் வழி முழுவதும் விளக்கு எரிய வேண்டும். மைதானத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை இருட்டான மூலைகள் எவை என்று முந்தைய இரவே நடந்து பார்த்து, அங்கெல்லாம் ஒரு விளக்கும் ஒரு தன்னார்வலரும் இருக்குமாறு செய்யுங்கள். கடைசி நகரப் பேருந்துகளின் நேரத்தைப் பணிமனையில் கேட்டு எழுதி, நுழைவாயிலில் பெரிய எழுத்தில் ஒட்டிவிட வேண்டும். பெண்கள் கடைசி வரை உட்கார்ந்து கேட்பதற்கு அந்த ஒரு தாள் செய்யும் உதவி பெரிது.

9. கோடைமழை

கிருஷ்ணகிரியில் மே மாத மாலை மழை இடியோடும் காற்றோடும் வரும். மழைக்கு முன்னால் காற்று வரும். அந்தக் காற்றுக்கு ஃபிளக்ஸ் பலகை பாய்மரம் போலாகிவிடும் என்பதால், ஒலிபெருக்கித் தூண்களிலும் மேடைச் சட்டத்திலும் எந்தப் பலகையையும் கட்டக் கூடாது. இடியோசை கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். அப்போது நிகழ்ச்சியை நிறுத்தி, மக்களைப் பள்ளிக் கட்டடத்துக்குள் அனுப்பி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்துத்தான் மீண்டும் தொடங்க வேண்டும். புளியமரத்தடியில் யாரையும் ஒதுங்க விடக் கூடாது. நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்கூட்டியே ஒருவர் பெயரில் முடிவு செய்துவிடுங்கள். குழுவாகக் கூடி விவாதிக்க அப்போது நேரம் இருக்காது. கருவிகளையும் மிக்ஸரையும் மூடத் தார்ப்பாய்கள் மேடையிலேயே மடித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

10. அந்த நாள்

காலை 9 மணிக்கு மேடை, பகல் 2 மணிக்குள் ஒலியும் மின்சாரமும், 4 மணிக்கு ஒலிச் சோதனை, 4.30-க்குக் கலைஞர்களின் அறை, 5.30-க்கு வாயில் திறப்பு. மே மாதத்தில் சூரியன் 6.40 மணியளவில் மறைகிறது. முதல் குழு 6.30-க்கு மேடையேறினால் வெளிச்சம் இருக்கும்போதே மக்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பம்பைக் குழு முதலில், அரைமணி நேரம், மேடையில் நிற்காமல் கூட்டத்துக்கு நடுவே நடந்தபடி வாசித்தால் தெருவில் போகிறவர்களும் உள்ளே வருவார்கள். அடுத்து வெளிக் குழு 7.10 முதல் 7.55 வரை. 8 மணிக்கு மேல் கூத்து, 9.20-க்கு நிறைவு. வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். ஒருவர் மட்டும் பேச வேண்டும். பத்து மணிக்கு முன் நாற்பது நிமிடத்தை வெறுமையாக விட்டு வைப்பது, மழையோ தாமதமோ வந்தால் சமாளிப்பதற்காக.

அரிதாரம் கலைப்பதற்கு முன், வாத்தியாரின் கையில் மீதித் தொகை முழுவதும் போய்ச்சேர வேண்டும். இந்தப் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்து, அன்றிரவு அவருக்கு வேறு வேலை எதையும் கொடுக்காதீர்கள். ‘காலையில் வங்கியில் போட்டுவிடுகிறோம்’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டு நள்ளிரவில் வேனில் ஏறும் கலைஞர்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. சாப்பாடு சூடாக இருக்கட்டும். களியோ சோறோ, அவர்கள் கேட்டதைச் செய்து வையுங்கள்.

11. மறுநாள்

வாடகைப் பொருள்களை எண்ணித் திருப்பிக் கொடுத்த பின், வரவு செலவுக் கணக்கை ஒரே தாளில் எழுதி, பணம் தந்த ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். கலைஞர்களுக்குப் போன தொகை அதில் முதல் வரியாக இருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குப் போய், ஒலி தொந்தரவாக இருந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் காந்தம் கட்டிய கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு, மேடையும் பந்தலும் இருந்த தரை முழுவதையும் வரிசை வரிசையாக நடந்து ஆணிகளைப் பொறுக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் அதே மைதானத்தில் பையன்கள் வெறுங்காலோடு விளையாட வருவார்கள்.